நான்கு சொற்களுக்கு முன் எண்பத்தைந்து ஆண்டுகள்: பிளாட்டிபஸின் உடலும் சாட்சியத்தின் வரலாறும்

1884 செப்டம்பர் 2 அன்று, கனடாவின் மாண்ட்ரியல் நகரில் கூடியிருந்த அறிவியல் முன்னேற்றத்திற்கான பிரிட்டிஷ் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு தந்தி வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் நான்கே சொற்கள். பிளாட்டிபஸும் எக்கிட்னாவும் அடங்கிய ஒற்றைத்துளை உயிரினங்கள் முட்டையிடுபவை; அவற்றின் கருமுட்டை பறவை, ஊர்வன ஆகியவற்றின் முட்டையைப் போல ஒரு பகுதி மட்டும் பிளவுபட்டு வளர்வது. இவ்வளவுதான் செய்தி. அனுப்பியவர் வில்லியம் ஹே கால்ட்வெல் என்னும் இளம் கேம்பிரிட்ஜ் விலங்கியலாளர். அதே நாளில் அடிலெய்டில், தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் ஹாக்கே, எக்கிட்னாவின் வயிற்றுப் பையில் தாம் கண்ட முட்டையைப் பற்றி அங்கிருந்த அறிஞர் கழகத்தில் அறிவித்தார்.

விலங்கியல் வரலாற்று நூல்கள் இந்நாளை ஒரு நெடிய புதிரின் முடிவாகச் சித்திரிக்கின்றன. 1799 இல் பிளாட்டிபஸ் முதன்முதலாக அறிவியல் பெயர் பெற்றது. 1884 இல் அதன் இனப்பெருக்க முறை உறுதியானது. இடையில் எண்பத்தைந்து ஆண்டுகள். இந்தக் கதையில் ஓர் இடறல் உண்டு. பிளாட்டிபஸ் முட்டையிடும் என்ற செய்தி 1818 இலும் 1822 இலும் லண்டனில் அச்சாகியிருந்தது. அச்சிட்டதும் ஏதோ நாளேடு அன்று; லின்னேயன் கழகத்தின் ஆய்வு வெளியீடு. அப்படியிருக்க, அச்சேறிய ஒரு செய்தி அறிவாக ஏற்கப்படுவதற்கு ஏன் அறுபது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டன? அந்த விலங்கின் உடலுறுப்புகள் ஒவ்வொன்றும் எப்படிப் படிக்கப்பட்டன, யார் சொல் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதைத் தொடர்ந்து பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

உலர்ந்த தோலின் வாசிப்பு

1797 இல் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தின் ஆளுநர் ஜான் ஹன்டர், ஹாக்ஸ்பரி ஆற்றை ஒட்டிய ஒரு குட்டையின் கரையில் ஒரு வேட்டையைப் பார்த்தார். பூர்வகுடி மனிதர் ஒருவர் கையில் சிறு மர ஈட்டியுடன் கரையில் அமர்ந்திருந்தார். நீர்ப்பரப்பில் விலங்கு மேலெழும் ஒவ்வொரு முறையும் அதைக் கவனித்தபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, தக்க தருணத்தில் எறிந்தார். ஈட்டி அதன் கழுத்திலும் முன்னங்காலிலும் பாய்ந்தது. கரையேற்றிய பின்னும் அது நகங்களால் வலுவாகப் போராடியதால், இரண்டு பலகைகளுக்கிடையே அழுத்திப் பிடித்துத்தான் ஈட்டியின் முள்ளை அறுத்தெடுக்க முடிந்தது. டேவிட் காலின்ஸ் எழுதிய குடியேற்ற வரலாற்றில் இந்நிகழ்வு பதிவாகியுள்ளது. அந்த வேட்டைக்காரரின் பெயர் பதிவாகவில்லை.

எத்தனை நொடிகள் இவ்விலங்கு நீருக்குள் இருக்கும், எவ்விடத்தில் மேலெழும், எவ்வளவு நேரம் மேற்பரப்பில் தங்கும் என்பதை அறிந்த ஒருவரால்தான் அப்படிக் காத்திருக்க இயலும். அவர் அறிந்திருந்தது உயிருள்ள விலங்கை. ஐரோப்பாவுக்குச் சென்றதோ உலர்த்திய தோலும் சாராயத்தில் ஊறிய உடலும்.

லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஷா 1799 இல் ஓர் உலர்ந்த தோலை முன்வைத்து முதல் விளக்கத்தை எழுதினார். நாற்கால் விலங்கின் தலையில் வாத்தின் அலகைப் பொருத்திவைத்தாற் போன்ற தோற்றம் அவருக்கு ஐயத்தை ஊட்டியது. மிக நுணுக்கமாக ஆராய்ந்த பின்னரே அது உண்மையான உறுப்பு என்று ஒப்புக்கொண்டார். இந்த ஐயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. குரங்கின் உடலையும் மீனின் வாலையும் சேர்த்துத் தைத்த ‘கடற்கன்னிகள்’ கீழைக் கடல் வணிகத்தின் வழியே ஐரோப்பாவுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அத்தகைய மோசடிகளால் ஏமாந்த அறிஞர்கள் பிளாட்டிபஸையும் அவ்வாறே நோக்கினர் என்று எடின்பரோ உடற்கூற்றியலாளர் ராபர்ட் நாக்ஸ் 1823 இல் எழுதினார்.

சிக்கல் வேறோர் இடத்தில் இருந்தது. உயிருள்ள பிளாட்டிபஸின் அலகு வாத்தின் அலகைப் போலக் கடினமானதே அன்று. ஈரமும் மென்மையும் நெகிழ்வும் கொண்ட தோல் போர்த்திய முகவாய் அது. உலர்ந்தபோது சுருங்கி இறுகிக் கொம்புப் பொருள் போலாயிற்று. லண்டன் மேசையில் கிடந்த பொருள் உண்மையிலேயே ஒரு பறவையலகை ஒத்திருந்தது. ஆற்றில் வாழும் விலங்கிடம் அந்த ஒப்புமை மிகக் குறைவு. பெயர்களும் அந்த உலர்ந்த தோலிலிருந்தே பிறந்தன. ‘தட்டைப் பாதம்’ எனப் பொருள்படும் பிளாட்டிபஸ் என்ற பெயரை ஷா சூட்டினார். அப்பெயர் ஏற்கெனவே ஒரு வண்டுப் பேரினத்திற்கு இடப்பட்டிருந்தது. ஜெர்மானிய அறிஞர் புளூமன்பாக் 1800 இல் ‘பறவை மூக்கு’ எனப் பொருள்படும் ஆர்னித்தோரிங்கஸ் என்ற பெயரைத் தனியே வைத்தார். இரண்டும் இணைந்து இன்றைய ஆர்னித்தோரிங்கஸ் அனாட்டினஸ் என்ற அறிவியல் பெயர் உருவானது. ஆற்றங்கரை மக்களிடம் மல்லங்காங், தாம்பிரீத் முதலான பெயர்கள் வழக்கில் இருந்தன. வகைப்பாட்டில் அவை இடம்பெறவில்லை.

பாதங்களின் அமைப்பும் தோலில் முழுமையாகத் தெரியவில்லை. முன்னங்காலின் சவ்வு நகங்களையும் தாண்டி விசிறி போல நீள்கிறது. நீரைத் தள்ளும் துடுப்பு அதுவே. கரையில் நடக்கும்போதும் வளை தோண்டும்போதும் அச்சவ்வு உள்ளங்கைப் பக்கம் மடிந்துகொள்ள, நகங்கள் வெளிப்படுகின்றன. பின்னங்கால்களும் தட்டையான வாலும் திசை திருப்பவும் நிலைப்படுத்தவும் உதவுகின்றன. வாலில் கொழுப்பு சேமிக்கப்படுகிறது. ஒரே பாதம் நீரில் துடுப்பாகவும் நிலத்தில் மண்வெட்டியாகவும் செயற்படும் இத்தகவமைப்பை அசைவில்தான் காண முடியும். பெட்டியில் வந்த பாதம் அசையவில்லை.

பாலா, முட்டையா?

1802 இல் எவரார்டு ஹோம், சாராயத்தில் பாதுகாக்கப்பட்ட உடல்களை அறுத்து ஆராய்ந்து ராயல் சொசைட்டியில் அறிக்கை அளித்தார். கழிவும் இனப்பெருக்கமும் ஒரே துளை வழியே நிகழ்வதைக் கண்டார். பெண் விலங்கில் முலைக்காம்புகள் இல்லை. பால் சுரப்பிகளும் அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. இனப்பெருக்க உறுப்புகள் பாலூட்டிகளைவிட ஊர்வனவற்றையே நினைவூட்டின. ஆகவே முட்டை தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்து குட்டி வெளிவரக்கூடும் என்று கருதினார். பாரிஸில் எத்தியேன் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர் 1803 இல் இவ்விலங்குகளை ‘ஒற்றைத்துளை’ என்ற பொருளில் மோனோட்ரீம் எனத் தனி வரிசையாக்கினார். லாமார்க் 1809 இல் இவற்றைப் பாலூட்டிகளிலிருந்தும் பறவைகளிலிருந்தும் பிரித்துத் தனி வகுப்பில் வைத்தார்.

1824 இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் யோஹான் ஃபிரீட்ரிஷ் மெக்கெல், பெண் பிளாட்டிபஸின் வயிற்றுத் தோலுக்கடியில் பெரிய சுரப்பிகளைக் கண்டறிந்தார். அவை பால் சுரப்பிகளே என்றார். ஜெஃப்ராய் ஏற்கவில்லை. காம்பில்லாத சுரப்பி பால் சுரப்பியாகாது. மூஞ்சூறின் உடலில் மணம் கசியும் சுரப்பியைப் போன்றதாக இருக்கலாம் என்றார். அவருடைய வாதத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது: இவ்விலங்கு முட்டையிடும், முட்டையிடும் விலங்கு பாலூட்டாது, ஆகவே இச்சுரப்பி பால் சுரப்பியன்று. மெக்கெலின் பக்கம் நின்றோர் இதே ஒழுங்கைத் தலைகீழாக்கினர்: சுரப்பி பால் சுரக்கிறது, பாலூட்டும் விலங்கு முட்டையிடாது, ஆகவே முட்டை பற்றிய செய்திகள் பொய்.

இரு தரப்பினரும் பாதி உண்மையைக் கண்டிருந்தனர். மற்றப் பாதியைக் காண விடாமல் தடுத்தது அவர்கள் இருவருக்கும் பொதுவான ஒரே முன்முடிவு: பாலும் முட்டையும் ஓருடலில் சேரா. 1829 இல் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் எடுக்கப்பட்டவை எனச் சொல்லப்பட்ட முட்டைகளின் விவரம் ஜெஃப்ராய்க்குக் கிடைத்தது. தம் கருத்து மெய்ப்பட்டதாக அவர் மகிழ்ந்தார். அம்முட்டைகள் பெரும்பாலும் ஆமையுடையவை என்பது இன்றைய ஆய்வாளர்களின் கருத்து. தவறான முட்டைகளைக் கொண்டு சரியான முடிவுக்கு வந்தார் அவர்.

லண்டனில் இளம் ரிச்சர்டு ஓவன் 1832 இல் வெளியிட்ட ஆய்வு, சுரப்பிப் பூசலை ஏறத்தாழ முடித்துவைத்தது. பல பெண் விலங்குகளை ஒப்பிட்ட அவர், சூலகம் வளரும்போது சுரப்பியும் வளர்வதைக் காட்டினார். ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய மால் என்ற படை அதிகாரி, தாய் விலங்கின் வயிற்று மயிரினூடே பால் கசிவதைக் கண்டதாக எழுதிய செய்தியும் துணையாயிற்று. அதே மால் தாம் தோண்டிய வளைகளில் முட்டையோட்டின் சிதறல்கள் போன்றவற்றைக் கண்டதாகவும் எழுதியிருந்தார். அவருடைய சாட்சியத்தில் பால் ஏற்கப்பட்டது, ஓடு புறந்தள்ளப்பட்டது. ஒரே மனிதர், ஒரே வளை. கோட்பாட்டுக்கு உகந்த பகுதி மட்டும் சான்றாயிற்று.

கேட்டும் கேளாத சொல்

இனி, அச்சில் இருந்தும் அறிவாகாத அந்தச் செய்திகளுக்கு வரலாம்.

நியூ சவுத் வேல்ஸின் நிலக்கிழார் சர் ஜான் ஜேமிசன் எழுதிய கடிதம் 1818 இல் லின்னேயன் கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. அது பெரிதும் கவனம் பெற்றதற்குக் காரணம் அதிலிருந்த விபத்து. சுட்டு வீழ்த்திய ஓர் ஆண் பிளாட்டிபஸை நீரிலிருந்து எடுத்த அவருடைய கங்காணியின் கையில், அவ்விலங்கு பின்னங்கால் முட்களைப் பாய்ச்சிக் கொல்லப்படும்வரை விடாமல் பற்றிக்கொண்டது. கை பெருமளவு வீங்கியது. பாம்புக் கடியை ஒத்த குறிகள் தோன்றின. அக்கடிதத்திலேயே, பெண் விலங்கு முட்டையிடுவது, நிலத்தில் வளை தோண்டி வாழ்வது என்ற குறிப்பும் இருந்தது. முள்ளைப் பற்றிய செய்தியை ஐரோப்பிய அறிஞர்கள் ஆராயத் தொடங்கினர். முட்டை பற்றிய வரி அதே தாளில் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

1822 இல் அதே கழகத்தின் வெளியீட்டில் அறுவை மருத்துவர் பாட்ரிக் ஹில்லின் கடிதம் வந்தது. அதில் குக்கூகாங் என்ற பூர்வகுடித் தலைவரின் கூற்றை அவர் பதிந்திருந்தார். இவ்விலங்கு இரண்டு முட்டைகள் இடுவது தம் மக்கள் நன்கறிந்த செய்தி என்றும், அவை கோழிமுட்டையை ஒத்த அளவும் வடிவும் நிறமும் கொண்டவை என்றும், நாணற் புதரிடையே அமைத்த கூட்டில் பெண் விலங்கு நெடுநேரம் அவற்றின்மேல் அமர்ந்திருக்கும் என்றும் குக்கூகாங் கூறியிருந்தார்.

இக்கூற்றை இன்றைய அறிவோடு ஒப்பிட்டு நேர்மையாக எடைபோட வேண்டும். முட்டையிடுதல், எண்ணிக்கை இரண்டு, தாய் அடைகாத்தல் ஆகிய மூன்றும் சரி. அளவு தவறு, பிளாட்டிபஸின் முட்டை ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளமே உடையது, தோல் போன்ற மென்மையான ஓடு கொண்டது. இடமும் தவறு, முட்டைகள் ஆற்றங்கரை வளையின் உள்ளறையில் இருக்கும், தாய் உடலைச் சுருட்டி, வாலுக்கும் வயிற்றுக்குமிடையே அவற்றை அணைத்துப் பத்து நாள்களளவில் பொரிக்கிறது. பிழைகள் சொன்னவரால் நேர்ந்தனவா, மொழிபெயர்ப்பில் நேர்ந்தனவா, வேறொரு விலங்கைப் பற்றிய விடை இதனோடு கலந்ததா என்பது அக்கடிதத்தைக் கொண்டு முடிவு செய்யக்கூடியதன்று. ஆயினும் விகிதத்தைப் பார்க்க வேண்டும். ஹோம் சுரப்பியைக் காணவில்லை. ஜெஃப்ராய் சுரப்பியைத் தவறாகப் பெயரிட்டார், ஆமை முட்டையைப் பிளாட்டிபஸ் முட்டை என்றார். ஓவன் முட்டையிடுதலை மறுத்தார். இவர்களுடைய பிழைகள் கருதுகோள்களாக நடத்தப்பட்டன, திருத்தப்பட்டன, ஆய்வை முன்னெடுத்தன. குக்கூகாங்கின் கூற்றிலிருந்த பிழைகள் முழுக் கூற்றையும் தள்ளுவதற்கான காரணமாயின.

இதன் தெளிவான எடுத்துக்காட்டு மருத்துவர் ஜார்ஜ் பென்னட். ஓவனின் நண்பரான இவர் 1832 முதல் நியூ சவுத் வேல்ஸில் வளைகளைத் தோண்டி, உயிருள்ள குட்டிகளை வளர்த்து, பிளாட்டிபஸின் வாழ்வைப் பொறுமையாகப் பதிந்தவர். 1834 இல் வெளியான அவருடைய பயண நூல் அக்காலத்தின் சிறந்த களப்பதிவுகளுள் ஒன்று. பூர்வகுடியினரிடம் அவர் முட்டை பற்றிக் கேட்டார். முட்டை என்ற சொல்லே விடையில் வந்தது. மீண்டும் மீண்டும் வெவ்வேறு விதமாகக் கேட்டபோது விடைகள் முரண்பட்டன. அவர்கள் கூற்றை நம்பிப் பயனில்லை என்ற முடிவுக்கு வந்தார். ஓவனிடம் பயின்ற கேள்வியோடு சென்றவர், பாதி மொழியும் பாதிச் சைகையுமாக நடந்த உரையாடலில் தம் ஆசிரியரின் விடைக்கு நெருக்கமானதையே நம்பத்தகுந்ததாகக் கண்டார். வளைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களும் அதே மக்களே. வழிகாட்டும்போது அவர்கள் நம்பத்தக்கவர்களாகவும், விளக்கும்போது நம்பத்தகாதவர்களாகவும் இருந்தனர்.

ஐரோப்பியரின் சாட்சியமும் சில வேளைகளில் இதே சுவரில் மோதியது. 1864 இல் விக்டோரியாவின் தங்கச் சுரங்க ஊரான உட்ஸ் பாயின்ட்டிலிருந்து நிக்கல்சன் என்ற மருத்துவர் ஓவனுக்குக் கடிதம் எழுதினார். அங்கே பிடித்து அடைக்கப்பட்ட பெண் பிளாட்டிபஸ் ஒன்று மறுநாள் வெண்மையான, மென்மையான இரண்டு முட்டைகளை இட்டிருந்தது. ஓவன் அக்கடிதத்தை வெளியிட்டார். அச்சத்தால் நேர்ந்த கருச்சிதைவாக இருக்கலாம் என்ற விளக்கத்தையும் சேர்த்தார். கோட்பாடு வலுவாக வேரூன்றிய பின், முட்டையைக் கண்ணால் கண்டவரின் சொல்லும் அதற்கேற்ப வளைக்கப்பட்டது.

பர்னெட் ஆற்றங்கரை

இப்பின்னணியில்தான் 1883 இல் கால்ட்வெல் ஆஸ்திரேலியா வந்தார். டார்வினின் 1859 ஆம் ஆண்டு நூலுக்குப் பின் கேள்வியின் இயல்பே மாறியிருந்தது. பிளாட்டிபஸை ‘வாழும் தொல்லெச்சம்’ என்ற வகையில் அந்நூல் குறிப்பிட்டிருந்தது. ஊர்வனவற்றுக்கும் பாலூட்டிகளுக்கும் இடையிலான பழந்தொடர்பை இவ்விலங்கின் கரு காட்டக்கூடும் என்ற எதிர்பார்ப்பு வலுத்தது. பாலும் முட்டையும் ஓருடலில் சேர்வது முரண்பாடாகத் தோன்றுவதற்கு மாறாக, எதிர்பார்க்கத்தக்கதாகவே தோன்றத் தொடங்கியது.

கால்ட்வெல் குயின்ஸ்லாந்தின் பர்னெட் ஆற்றங்கரையில் முகாமிட்டார். ஏறத்தாழ 150 பூர்வகுடியினர் அவருக்காக விலங்குகளைத் தேடினர். எக்கிட்னாக்களை இவர்களின்றித் தம்மால் கண்டுபிடிக்க இயலாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். நூற்றுக்கணக்கில் விலங்குகள் முகாமுக்கு வந்தன. ஆகஸ்டு மாதத்தில் அவர் சுட்ட ஒரு பெண் பிளாட்டிபஸ் அப்போதுதான் ஒரு முட்டையை இட்டிருந்தது. இரண்டாவது முட்டை கருப்பையின் வாயில் இருந்தது. குக்கூகாங் சொன்ன எண்ணிக்கை. அந்த முட்டையே நான்கு சொல் தந்தியாக சிட்னி வழியே மாண்ட்ரியல் சென்றது.

அந்த முகாமின் பொருளாதாரத்தைக் கால்ட்வெல்லே 1887 இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் எழுதிவைத்தார். பெண் எக்கிட்னா ஒன்றுக்கு அரைக் கிரவுன் கூலி. மாவு, தேயிலை, சர்க்கரை ஆகியவற்றை அவர்களுக்கு விற்றவரும் அவரே. விலங்குகளின் வரத்து கூடக் கூட அப்பொருள்களின் விலையையும் உயர்த்தினார். ஈட்டிய கூலி பசியை ஆற்றாமல், மறுநாளும் தேடச் செல்வதற்கான அளவிலேயே நிற்கும்படி பார்த்துக்கொண்டதாகவும், அவர்களைச் சோம்பேறிகள் என்றும் அவர் தயக்கமின்றி எழுதினார். அந்த வரிகள் கருவியல் விவரங்களுக்கு நடுவே, ஆய்வுமுறையின் ஒரு பகுதியாக அச்சிடப்பட்டுள்ளன. எண்பத்தைந்து ஆண்டுகளாக அவர்களுடைய சொல்லுக்கு மதிப்பில்லை; முடிவில் அவர்களுடைய உழைப்புக்கு விலை வைக்கப்பட்டது, அதுவும் பசியை அளவுகோலாகக் கொண்டு.

இவ்வளவு விலங்குகள் கொல்லப்பட வேண்டியிருந்ததற்கும் ஓர் அறிவியல் காரணம் கூறலாம்: கருவின் ஒவ்வொரு நிலையையும் வரிசையாகப் பெறுவது கால்ட்வெல்லின் நோக்கம். தந்தியின் பின்பாதி, அதாவது கருமுட்டை எவ்வாறு பிளவுபடுகிறது என்ற செய்தி, அத்தகைய பொருள்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தே சொல்லக்கூடியது. அது கால்ட்வெல்லின் உண்மையான பங்களிப்பு. தந்தியின் முன்பாதியோ வேறு. அதை 1822 இன் வெளியீட்டைத் திறந்தே படித்திருக்கலாம்.

அலகின் நரம்பு, காலின் நஞ்சு

முட்டைப் பூசலின் இரைச்சலில் மறைந்துபோன ஒரு குறிப்பு உண்டு. 1802 இல் ஹோம் பிளாட்டிபஸின் தலையை அறுத்தபோது, முகத்துக்குச் செல்லும் ஐந்தாம் கபால நரம்பு அசாதாரணமான பருமனுடன் அலகு முழுதும் கிளை பரப்பியிருப்பதைக் கண்டார். அலகு மிகக் கூரிய உணர்வுடையது, கையைப் போலப் பயன்படுவது என்று முடிவு செய்தார். பால் சுரப்பியைக் காணத் தவறிய அதே கண்கள் இங்கே சரியாகவே கண்டன. ஆனால் அலகு எதை உணர்கிறது என்ற கேள்வி நீண்டகாலம் தொடுதலோடு நின்றுவிட்டது.

நீரில் மூழ்கும்போது பிளாட்டிபஸ் கண், காது, மூக்குத் துளை அனைத்தையும் மூடிக்கொள்கிறது. ஆயினும் கலங்கிய ஆற்றடியில், இரவில், புழுக்களையும் பூச்சிக் குடம்பிகளையும் நன்னீர் இறால்களையும் தவறாமல் பிடித்துக் கன்னப் பைகளில் நிரப்பி மேலெழுகிறது. 1986 இல் ஹென்னிங் ஷைக் தலைமையிலான ஜெர்மானிய, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதற்கு விடை கண்டனர். தொட்டியில் மறைத்துவைத்த சிறு மின்கலத்தைப் பிளாட்டிபஸ் தேடிச் சென்று தாக்கியது. இரையின் தசைகள் சுருங்கும்போது நீரில் பரவும் மிக நுண்ணிய மின்புலத்தை அதன் அலகு உணர்கிறது. அலகின் தோலில் ஏறத்தாழ 40,000 மின்புல உணர்விகள் வரிவரியாக அமைந்துள்ளன. அழுத்தத்தையும் அசைவையும் உணரும் 60,000 அளவிலான வேறு உணர்விகளும் உண்டு. தலையை இருபுறமும் வீசியபடி நீந்தும் அதன் வழக்கமான அசைவு, இந்த உணர்விகளால் ஆற்றடியை வருடும் செயலே. ஹோமின் நரம்பு எதைச் சுமந்து செல்கிறது என்பது தெரிய 184 ஆண்டுகள் ஆயின. வாத்தின் அலகு என்று பெயர் பெற்ற உறுப்பு, உண்மையில் பாலூட்டிகளிலேயே மிக அரிய ஒரு புலனுறுப்பு. உலர்ந்தபோது முதலில் அழிந்ததும் அந்தப் புலன்தான்.

கால்முள்ளின் வரலாறும் இதை ஒத்தது. ஜேமிசனின் கங்காணிக்கு நேர்ந்ததைப் பின்வந்த சிலர் ஐயுற்றனர்; ஆண் விலங்கைக் கையாண்டும் அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. தொடைப்பகுதியிலுள்ள நஞ்சுச் சுரப்பி இனப்பெருக்கக் காலத்தில் பெரிதாகிச் செயற்படுகிறது, பிற காலங்களில் சுருங்கிவிடுகிறது என்பது பின்னரே விளங்கியது. ஆண்களுக்கிடையிலான போட்டியோடு இதற்குத் தொடர்பிருக்க வேண்டும் என்ற கருத்து இதிலிருந்தே வலுப்பெறுகிறது. 1895 இல் மார்ட்டின், டிட்ஸ்வெல் இருவரும் நஞ்சைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்தனர். மனிதருக்கு உயிரிழப்பு ஏற்படுத்தாவிடினும், மார்ஃபினுக்கும் எளிதில் அடங்காத வலியை அது தருகிறது. இங்கும் ஒரே பாடம்: பருவத்தோடு மாறும் உடலை ஒரு நாள் பார்வையில் அளந்தவர்கள், பார்த்தவரைப் பொய்யர் என்றனர்.

பற்களின் கதை சிறியது. முதிர்ந்த பிளாட்டிபஸுக்குப் பற்கள் இல்லை. கொம்புப் பொருளாலான அரைப்புத் தகடுகளே உண்டு. 1888 இல் எட்வர்டு போல்ட்டன் இளம் விலங்கின் தாடையில் உண்மையான பற்களைக் கண்டறிந்தார். அவை வளர்ச்சியின்போது உதிர்ந்துவிடுகின்றன.

‘பழமை’ என்ற சொல்

2008 இல் பிளாட்டிபஸின் மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டது. முட்டையின் மஞ்சட்கருப் புரதத்துக்கான மரபணுவும் பாலின் கேசீன் புரதத்துக்கான மரபணுக்களும் ஒரே தொகுதியில் இருந்தன. மெக்கெலும் ஜெஃப்ராயும் எதிரெதிரே நின்று வாதிட்டவை அங்கே அருகருகே அமர்ந்திருந்தன. நஞ்சின் புரதங்கள் பாம்பு நஞ்சை ஒத்திருந்தாலும், பாம்பிடமிருந்து மரபாக வந்தவை அல்ல, தனியே தோன்றியவை என்பதும் தெளிவாயிற்று.

இக்கண்டுபிடிப்புகள் வெளியானபோதும் ‘பாதிப் பறவை, பாதி ஊர்வன, பாதிப் பாலூட்டி’ என்ற வருணனையே செய்திகளில் முன்னின்றது. ஷாவின் மேசையில் தொடங்கிய ஒட்டுப்போட்ட விலங்கு இன்னும் கலையவில்லை. முட்டையிடுதல் பழைய முன்னோரிடமிருந்து காக்கப்பட்ட பண்பு என்பது உண்மை. மின்புலம் உணரும் அலகோ, மடியும் துடுப்புப் பாதமோ, பருவ நஞ்சோ பழமையின் எச்சங்களாகக் கருதத்தக்கவை அல்ல. ஒரு குறிப்பிட்ட ஆற்று வாழ்வுக்காக நெடுங்காலம் செதுக்கப்பட்ட நுண்மையான தகவமைப்புகள். ‘முதிராத விலங்கு’, ‘முதிராத மக்கள்’ என்ற இரண்டு சொற்றொடர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரே கண்டத்தைப் பற்றி, பெரும்பாலும் ஒரே அறிஞர் கழகங்களில் புழங்கியவை. ஒன்றை மறுபரிசீலனை செய்பவர் மற்றொன்றையும் செய்தாக வேண்டும்.

2022 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில், கால்ட்வெல் சேகரித்த பிளாட்டிபஸ், எக்கிட்னா மாதிரிகள் அடங்கிய சிறு தொகுப்பு மீண்டும் கண்டறியப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கு அருகில் அது பட்டியலிடப்படாமல் கிடந்திருந்தது. இன்றும் அது கால்ட்வெல்லின் தொகுப்பு என்றே அழைக்கப்படுகிறது. அவற்றைத் தேடி, தடம் கண்டு, தோண்டி எடுத்தவர்கள் 150 பேர் என்ற எண்ணிக்கையாக மட்டுமே எஞ்சியிருக்கின்றனர். ஹாக்ஸ்பரி கரையில் ஒரு மணி நேரம் காத்திருந்தவருக்கும் பெயரில்லை. ஓர் அறுவை மருத்துவர் 1822 இல் தாம் கேட்டதோடு யாரிடம் கேட்டோம் என்பதையும் எழுதிவைத்ததால், குக்கூகாங் என்ற ஒரு பெயர் மட்டும் எஞ்சியது. அவர் சொன்னது இரண்டு முட்டைகள். கால்ட்வெல் கண்டதும் இரண்டே.